இருபத்தைந்தாவது பாகம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரையில் இருபத்தைந்தாவது வரி முளைத்தது. இரண்டாம் நம்பர் எஞ்சினுக்கு இருபத்து நான்கு வரிதான் உண்டு. பிஸ்டன், லைனர், பேரிங், டர்போ, பிளக் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி. அது இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எதிரில் ஓர் எண். எட்டு மாதமாகப் பார்த்துப் பார்த்துத் தவமணிக்கு எல்லாம் மனப்பாடம். புதிதாக வந்த வரி சிவப்பாக இருந்தது. ‘அடையாளம் தெரியாத பாகம். மீதி: 126 மணி.’

“இதென்ன கெரகம்?” என்று தவமணி சத்தமாகவே கேட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை.

வெள்ளக்கரடு கழிவுநீர் நிலையத்தில் அவள் பன்னிரண்டு வருடமாக மெக்கானிக். நகரம் காலையில் எழுந்து என்னென்ன செய்து தண்ணீர் ஊற்றுகிறதோ அத்தனையும் இங்கே வந்து சேரும். கசடை மூடிய தொட்டியில் மூன்று வாரம் புளிக்க விட்டால் வாயு கிளம்பும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். எஞ்சின் கொடுக்கும் மின்சாரத்தில் காற்றூதிகள் சுற்றி, சாக்கடையைத் தின்று சுத்தம் செய்யும் கிருமிகளுக்கு மூச்சுக் கொடுக்கும். வெளி மின்சாரம் இருக்கிறதே என்பீர்கள். இந்தக் காலத்தில் அது வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே இரண்டில் ஓர் எஞ்சினாவது எந்நேரமும் ஓடியாக வேண்டும்.

அந்த எஞ்சின்களின் உடம்பில் இருபத்து நான்கு இடத்தில் ஒட்டியிருந்த குமிழ்களுக்குப் பெயர் ‘செவி’. அவை இரவு பகல் ஒட்டுக் கேட்கும். கேட்டதை வைத்துக் கணக்குப் போட்டு, எந்தப் பாகம் எப்போது போகும் என்று சொல்லும். நூற்றைம்பது மணிக்குக் கீழே இறங்கிய பாகத்தை உடைவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. செவி வந்த பிறகு ஒரு போல்ட் கூட உடைந்ததில்லை. மெக்கானிக்குகள்தான் ஆறு பேரிலிருந்து இரண்டு பேராகக் குறைந்தார்கள். மிஞ்சியவர்கள் தவமணியும் நாச்சிமுத்துவும். காலை ஏழிலிருந்து மூன்று வரை அவள், மூன்றிலிருந்து பதினொன்று வரை அவர்.

அவள் நாச்சிமுத்துவைப் போனில் கூப்பிட்டாள்.

“ஏனுங்ணா, சித்த சீக்கிரம் வாங்க. ரெண்டாம் நம்பர்ல என்னமோ புதுசா காட்டுது. எந்தப் பாகம்னே தெரியல.”

“பேரில்லாத பாகமா? நம்ம மேனேஜரா இருக்கும் பாரு” என்றார் அவர். ஐம்பத்தாறு வயது. பேச்சில் மட்டும் இன்னும் கல்யாணம் ஆகாத பையன்.

பதினோரு மணிக்கு ஒன்றாம் நம்பரை ஓட விட்டு இரண்டாம் நம்பரை நிறுத்தினார்கள். பகல் முழுக்கக் கழற்றினார்கள். சிலிண்டர் தலையைத் தூக்கியபோது பிஸ்டன் மேல் வழக்கமான வெள்ளைப் படிவு, சுண்ணாம்பு பூசினாற்போல. ஊரார் தலைக்குப் போடும் ஷாம்புவின் மிச்சம் வாயுவோடு வந்து எரிந்து இப்படித்தான் படியும். அதைச் சுரண்டி எடுத்தார்கள். பேரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எண்ணெயில் இரும்புத் தூள் இல்லை. எங்கும் ஒரு கீறல் இல்லை. இவ்வளவு நல்ல நிலையில் அந்த எஞ்சினை அவள் பார்த்ததே இல்லை. அதுதான் அவளை முதலில் பயமுறுத்தியது.

“பதிவுல எழுதிப் போட்டுரலாமா அம்மணி?” என்று நாச்சிமுத்து கேட்டார்.

“என்னன்னு எழுதறது? இன்னதுதான்னு கண்ணுல பாக்காம நான் எழுத மாட்டேன்ங்ணா. தெரியுமில்ல.”

அவருக்குத் தெரியும். நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊகத்தை எழுத மாட்டாள். உறுதியானதை ஒளிக்க மாட்டாள். இந்த இரண்டிலும் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தவமணி திரைமுன் போய் நின்றாள். எஞ்சின் திறந்தபடி கிடந்தது. முந்தின நாள் பதினோரு மணிக்கு நின்றது, அப்புறம் ஒரு சுற்று கூடச் சுற்றவில்லை. ஓடாத எஞ்சினில் எந்தப் பாகமும் தேயாது. ஆகவே இருபத்து நான்கு வரிகளிலும் எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. இருபத்தைந்தாவது மட்டும் 103 என்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்பது மணி அடித்ததும் 102 ஆனது.

எஞ்சின் நின்ற பிறகும் அதற்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள் அன்று முதல் தடவையாக முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு செவிக் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

மதியம் அஃப்ரின் வந்தாள். செவியைப் பொருத்திய பெண், இருபத்தேழு வயது, ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ளும் பழக்கம். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்துவும் அதற்குள் வந்துவிட்டார். இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, இந்தச் சத்தம் எப்பவும் கேக்கல” என்றாள் அஃப்ரின். “தினமும் ஒரே நேரத்துல கேக்குது. மத்தியானம் மூணு மணி. ரெண்டு நிமிஷம். அப்புறம் நின்னுடுது. அந்த ரெண்டு நிமிஷத்தை எட்டு மாசமா சேத்து வச்சு, இதுவும் ஒரு பாகம்னு செவி முடிவு பண்ணிருக்கு. மூணு மணிக்கு அப்படி என்ன பண்ணுவீங்க?”

“காது வைப்போம்” என்றார்கள் இருவரும்.

அது வெள்ளக்கரட்டுக்கே உரிய வழக்கம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மூடிமேல் வைத்து, பிடியைக் காதுக்குக் கீழே எலும்பில் அழுத்தினால் எஞ்சினின் உள்சத்தம் தெளிவாகக் கேட்கும். உலகத்தில் எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியம்தான். இங்கே மட்டும் இரண்டு பேர் சேர்ந்து செய்வார்கள். முன்னொரு காலத்தில் ஷிப்ட் மாறிய பத்தாவது நிமிடம் ஒரு பேரிங் இறுகிப் போய், போனவன் வந்தவனையும் வந்தவன் போனவனையும் குற்றம் சொல்லி அடிதடி வரைக்கும் போயிற்று. அன்றிலிருந்து போகிறவரும் வருகிறவரும் ஒரே மூடியில் ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவரை வைத்து, எதிரும் புதிருமாகக் குனிந்து, சேர்ந்து கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் ரெண்டு ஆடு முட்டிக்கொள்ளப் போகிறது என்று சிரிப்பார்கள்.

அஃப்ரின் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ தட்டி ஹெட்போனைத் தவமணியிடம் நீட்டினாள். “எஞ்சின் சத்தத்தை எடுத்துட்டேன். மிச்சத்தைக் கேளுங்க.”

தவமணி கேட்டாள். டப்-டப். டப்-டப். ஒவ்வொரு டப்புக்கும் பின்னால் இஸ்ஸென்று ஒரு கசிவு, காற்றுப் போகிற டியூப் மாதிரி. ஒரு நிமிடம் கேட்டபின் அவளுக்கு விஷயம் புரிந்தது. ஹெட்போனைக் கழற்றினாள்.

“இது மனுசனோடது.”

“ஆமாக்கா. காதுக்குக் கீழ நாடி ஓடுதில்ல? எலும்பு வழியா, இரும்பு வழியா, எஞ்சினுக்குள்ள போயிருக்கு. நீங்க எஞ்சினைக் கேட்டீங்க. எஞ்சின் உங்களைக் கேட்டிருக்கு.”

“உங்களைன்னா… யாரை?”

“அதான் தெரியல. ரெண்டு பேர் துடிப்பும் எப்பவும் ஒண்ணாத்தான் விழுந்திருக்கு. ஒண்ணு சுத்தமா இருக்கு, அதைச் செவி கழிச்சுட்டு விட்டிருச்சு. ஒண்ணுல இந்தக் கசிவு. அதுக்குத்தான் நூத்தி ரெண்டு.” அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். “இல்ல, தொண்ணூத்தேழு.”

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணினார். “புதன்கிழமை. மூணு மணி.”

பிறகு அஃப்ரின், தனித்தனியாகக் காது வைத்தால் யார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றாள். நாச்சிமுத்து எண்ணெய் அளவைப் பார்க்கப் போய்விட்டார். தவமணி சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். அன்று மூன்று மணிக்கு, வழக்கம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, யாரும் காது வைக்கவில்லை. ஒன்றாம் நம்பருக்கு வெறுமே கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

வீட்டுப் படிக்கட்டில் மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். வேகமாக அடித்தது. பயத்தில் அடிக்கிறதா, நோயில் அடிக்கிறதா என்று எப்படித் தெரியும்? அவளுக்கு நாற்பத்தைந்து. அவள் அம்மா நாற்பத்தாறில் துணி காயப்போட்டுக்கொண்டே சரிந்தவள். பிளஸ் டூ படிக்கும் மகள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தவமணி அவள் எதிரில் உட்கார்ந்து, கேஸ் புக் பண்ணுவது எப்படி, கரண்ட் பில் எந்தத் தேதி, எந்தச் சாவி எங்கே என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

“எங்கியாச்சும் போறியாம்மா?” என்றாள் மகள்.

“போகல சாமி. தெரிஞ்சு வச்சுக்கோ.”

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைப் பூட்டி முடித்து ஓடவிட்டார்கள். மூன்று மணிக்கு அஃப்ரின் கம்ப்யூட்டரோடு வந்து உட்கார்ந்தாள். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துகொண்டு சாவதே மேல் என்று தவமணி முந்தின நாள் ராத்திரியே முடிவு செய்துவிட்டாள். ஆனாலும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முனையை மூடிமேல் வைத்தாள். பிடியைக் காதுக்குக் கீழே அழுத்தினாள். எஞ்சின் உள்ளே சீராக உறுமியது. நீயே சொல்லிவிடு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“அக்கா.” அஃப்ரின் அவள் தோளைத் தொட்டாள். “அந்த வரி அசையவே இல்ல. நீங்க இல்ல.”

தவமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாச்சிமுத்து அங்கே நிற்பது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“நல்லதாப் போச்சு கண்ணு” என்றார் அவர். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார். “நான் எதுக்கு இனி வச்சுப் பாக்கோணும்? ரெண்டுல ஒண்ணு போனா ஒண்ணு. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“ஒருக்கா வச்சுப் பாருங்ணா. மெசின் தப்பாக்கூட…”

அவர் ஒரு பெருமூச்சு விட்டுக் குனிந்தார். முனை மூடியைத் தொட்டதும் சிவப்பு வரி மினுங்கத் தொடங்கியது. 72.

அஃப்ரினுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. நாச்சிமுத்து ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினார். மாட்டுவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

“இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க” என்றாள் தவமணி.

“போனா?”

“போனா வைத்தியம் பண்ணுவாங்க. வேறென்ன?”

“அம்மணி, ஆஸ்பத்திரிக்குப் போனா லீவு எழுதோணும். லீவுன்னா காரணம் எழுதோணும். நெஞ்சு கோளாறுன்னு தெரிஞ்ச ஆளைக் கேஸ் எஞ்சின்கிட்ட நிறுத்துவாங்களா? அட்டையைப் புடுங்கிருவாங்க.” அவர் கழுத்தில் தொங்கிய வேலை அட்டையைத் தூக்கிக் காட்டினார். “இதுல என்ர பேரு மட்டுமா இருக்குது? வீட்டுக்காரி பாப்பாத்திக்கு வாரத்துல ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்றது இந்த அட்டையிலதான். திங்கள், வியாழன். அட்டை போனா அவ எத்தன நாளைக்குத் தாங்குவா? அதுக்குச் செவி வேண்டாம், நானே சொல்லீருவேன்.”

“நீங்க செத்துட்டா மட்டும்?”

“சோலில செத்தா அட்டை பொண்டாட்டி பேருக்கு மாறும். அது விதி. படிச்சுப் பார்த்துட்டேன்.” பேச்சு வழக்கம் போலத்தான் இருந்தது. உதடுதான் வறண்டு ஒட்டிக்கொண்டது. “எனக்கு பயமா இருக்குது கண்ணு. இல்லேங்கல. ஆனா மேல போய்ச் சொல்லீராதீங்க. கையடிச்சுச் சொல்லுங்க.”

தவமணி கையடித்துச் சொன்னாள். அஃப்ரினும் சொன்னாள். தலைமை அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையில் அந்த வரி வராமல் மறைத்து வைப்பதாகவும் சொன்னாள்.

அன்று ராத்திரி முழுக்கத் தவமணிக்குத் தூக்கமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இஸ் இஸ் என்று அந்தக் கசிவு காதில் கேட்டது. கை கால் நன்றாக இருக்கிற மனுஷன் புதன்கிழமை மூன்று மணிக்குச் சரியப் போகிறான், தனக்கு அது தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் அது கொலையில்லாமல் வேறென்ன? கையடித்துக் கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் உயிர் போனபின் அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் குணசீலன் அறைக் கதவைத் தட்டினாள்.

குணசீலன் கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துப் போயிற்று. அவர் திரையைத் திறந்து பார்த்தபோது மீதி 54.

“மூணு நாளா இதை வச்சுட்டு இருந்தீங்களா? மொதல்ல ஆளைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, தவமணி. கம்பெனி வண்டியே வரும். எஞ்சினைப் பாத்துக்க ஆளுங்களை வெளியூர்லருந்து வரவச்சுக்கறேன்.”

“அட்டைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா சார்? அவருக்கு அந்த பயந்தான் பெருசா இருக்குது.”

“நான் இருக்கேன்ல? லீவு காரணத்தை மட்டும் மேல எழுதிப் போட்டுடறேன், அது இல்லாம வண்டி அனுப்ப முடியாது. ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான்.”

விஷயம் தெரிந்ததும் நாச்சிமுத்து அவளைப் பார்த்த பார்வையை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “கையடிச்சியே” என்று ஒரு வார்த்தை மட்டும் கேட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தவமணி பக்கத்தில் உட்கார்ந்தாள். நகரத்துக்குள் போகும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், ஜெல்லைப் பூசிப் படம் பிடித்தார்கள். சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து அவர் தவமணியிடம் கொடுத்துவைத்தார். பர்ஸ், மூக்குக் கண்ணாடி, போன். பாப்பாத்தியிடம் அவர் சொல்லவில்லை. எஞ்சினுக்குப் பெரிய வேலை வந்திருக்கிறது என்று பொய் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

“கோவமெல்லாம் இல்ல கண்ணு. உன்ர இடத்துல நானிருந்தாலும் சொல்லீருப்பேன். என்ன, ஒரு நாள் முன்னப்பின்ன ஆயிருக்கும்.”

தவமணி அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும் பெண். படங்களைப் பார்த்துக்கொண்டே, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டாள். பத்து வயதில் மூன்று மாதம் படுக்கையில் கிடந்ததாக நாச்சிமுத்து சொன்னார்.

“அப்ப ஏற்பட்ட கசிவுதான் இது. நாற்பத்தாறு வருஷமா உங்களோடயே இருக்கு. ஒரு மாத்திரை தர்றேன், ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க. இருபது வருஷம்கூட நல்லா இருப்பீங்க.”

“இன்னைக்கு மூணு மணிக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?” என்றாள் தவமணி.

டாக்டர் அவளை விநோதமாகப் பார்த்தாள். “மூணு மணிக்கு என்ன?”

டாக்டர் சொன்னதை நம்புவதா, எட்டு மாதத்தில் ஒரு தடவை கூடப் பொய்க்காத மெஷினை நம்புவதா? இருவரும் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. விழுந்தாலும் இங்கேயே விழட்டும், எடுத்துக்கொண்டு ஓட வசதி என்று அவசரப் பிரிவு வாசலுக்கு நேர் எதிரே வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டரைக்கு அவர் பேச்சை நிறுத்தினார். இரண்டே முக்காலுக்குத் தவமணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி அவள் விரலடியில் குதித்தது. இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அவர் மெல்ல, “பாப்பாத்தி கேட்டா, கடைசி வரைக்கும் தமாசாத்தான் பேசிட்டிருந்தாருன்னு சொல்லு” என்றார். தவமணி அழுதுகொண்டே அவசரப் பிரிவு வாசலைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சர் ஒன்று காலியாக நின்றது.

மூன்று அடித்தது. அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினார். மரத்தில் ஒரு காக்கை கத்தியது. மூன்று ஒன்று. மூன்று இரண்டு. நாடி அப்படியே குதித்துக்கொண்டிருந்தது. மூன்று ஐந்துக்கு அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“அம்மணி, இது மேலோகமா இருந்தா ஆஸ்பத்திரி பினாயில் நாத்தம் இங்கியும் அடிக்குது.”

தவமணி சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து எழுந்து நின்றார். குனிந்தார், நிமிர்ந்தார், பெஞ்சைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூன்று நாளாகச் சோறு இறங்காத வயிறு இப்போதுதான் பசியைச் சொல்லியது போலிருக்கிறது. “இரு, சூடா போண்டா வாங்கிட்டு வாறேன். உனக்கும் சேத்து” என்று கேண்டீனுக்குக் கிட்டத்தட்ட ஓடினார்.

அவர் போன் தவமணியின் பையில் இருந்தது. அதில் ஒரு செய்தி வந்து கிடந்தது. பிரித்துப் பார்த்தாள். ‘நாச்சிமுத்து, மெக்கானிக், வெள்ளக்கரடு. மருத்துவக் காரணத்தால் தங்கள் பணி அட்டை ரத்து செய்யப்படுகிறது. குடும்ப மருத்துவ வசதி உடனடியாக நிறுத்தப்படுகிறது.’ வந்த நேரம் மூன்று மணி, பூஜ்ஜியம் நிமிடம்.

தன் போனை எடுத்து அஃப்ரினைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை செருமினாள்.

“அக்கா, அண்ணா எப்படி இருக்கார்? சொல்லுங்கக்கா, எப்படி இருக்கார்?”

“நல்லா இருக்காரு. போண்டா வாங்கப் போயிருக்காரு. அட்டையை எடுத்துட்டாங்க அஃப்ரின். சரியா மூணு மணிக்கு.”

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. “இங்க அந்த வரி பச்சையாயிருச்சு. ‘பாகம் அகற்றப்பட்டது’ன்னு வருது” என்றாள் அஃப்ரின். “எனக்கு இப்பத்தான் உறைக்குது. எவ்வளவு பெரிய முட்டாள் நான். அக்கா, செவி எதுவும் உடைஞ்சு பாத்ததே இல்ல. உடையறதுக்கு முன்னாடியே நாம கழட்டிடறோம்ல? அதுக்குத் தெரிஞ்ச சாவு கழட்டறது மட்டும்தான். எப்ப உடையும்னு அது ஒரு நாளும் சொன்னதில்ல. நாம எப்ப கழட்டுவோம்னு சொல்லிட்டு இருந்திருக்கு. அதனாலதான் எஞ்சின் நின்னப்பவும் மணி குறைஞ்சுச்சு. எஞ்சின் நின்னா ஆபீஸ் நிக்காதே.”

“அது வெள்ளிக்கிழமையே சொல்லிருச்சே. நான் திங்கக்கிழமைதான மேல போய்ச் சொன்னேன். நான் சொல்லாம இருந்திருந்தா?”

அஃப்ரின் பதிவுகளைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“உங்க பதிவு எல்லாமே அதுகிட்ட இருக்குக்கா. எட்டு மாசத்துல நூத்தி முப்பது. சத்தம் கேட்டா உடனே எழுத மாட்டீங்க. ரெண்டு நாள் கழட்டிப் பாப்பீங்க. இதுதான்னு உறுதியானா ஒரு ராத்திரி. அடுத்த நாள் காலைல எழுதிடுவீங்க. அதுக்கு மேல நீங்க எதையும் மறைச்சதே இல்ல. குணசீலன் சாரும் ஆபீசும் சேந்து ரெண்டே கால் நாள் எடுத்துக்குவாங்க. கூட்டிப் பாத்தா நூத்தி இருபத்தாறு.” அவள் குரல் உடைந்தது. “நீங்க சொல்லாம இருந்திருந்தா அந்த வரியே வந்திருக்காதுக்கா. சொல்லுவீங்கன்னு அதுக்குத் தெரியும்.”

தவமணி போனை மடியில் வைத்தாள். பயந்து பயந்து ஐந்து நாளாக அவள் எதைப் பார்த்து ஓடினாளோ, அதைத் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நாச்சிமுத்து கேண்டீன் படியிறங்கி வந்தார். இரண்டு கையிலும் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். பெஞ்சில் உட்கார்ந்து மடியில் பிரித்து வைத்து, ஒன்றை அவளிடம் நீட்டினார்.

“நாளைக்கு வியாழக்கெழமை. லீவு இருக்குதில்ல, பாப்பாத்திய நானே ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டுப் போறேன். எப்பவும் அவ தம்பிதான் கூட்டிட்டுப் போவான். என்னையப் பாத்தா மயக்கமே போட்டுருவா.” போண்டாவைப் பிட்டு ஊதினார். “போன்ல யாரு?”

“அஃப்ரின்தாங்ணா.”

“புள்ள பயந்திருக்கும் பாவம். நான் முழுசா இருக்கேன்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

அவர் முதல் போண்டாவை நாலு வாயில் தின்று முடித்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். அவருடைய போன் அவள் பைக்குள் கிடந்தது. பொட்டலத்தில் இன்னும் இரண்டு இருந்தன. தின்று முடித்ததும் போனைக் கேட்பார், பாப்பாத்தியைக் கூப்பிட.

“மெல்லச் சாப்பிடுங்ணா” என்றாள் தவமணி.